தொட்டி மண்ணுக்கு உரம் வந்த வழி

தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே திறந்துவைக்கப்பட்டது. திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே, இன்று நாம் வேப்பம்பட்டு என்று இறங்கும் நிலத்தைக் கடந்துதான் அந்தப் பாதை மேற்கே சென்றது. அன்று இருபுறமும் ஏரி நீரை நம்பிய வயல்கள். இன்று இருபுறமும் வீட்டுமனைகள். அந்தப் பாதை போய்ச் சேர்ந்த இடத்திற்கு அருகிலேயே, அரை நூற்றாண்டு கழித்து, இந்திய மண்ணின் முதல் செயற்கை உரத் தொழிற்சாலையும் எழுந்தது. நம் வீட்டு மாடியில் தொட்டிச் செடிக்கு நாம் தூவும் ஒரு சிட்டிகை உரத்தின் வரலாற்றை, எனவே, இந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து பார்த்துவிடலாம்.

ஏன் பார்க்க வேண்டும்? வயல்கள் மனைகளாகிவிட்டபோதும், மண்ணோடு நமக்கிருந்த உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. செம்பருத்தியும் மல்லிகையும் ரோஜாவும், தக்காளி, கத்தரி நாற்றுகளும் மாடிக்கும் முற்றத்துக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் வயலில் பழகிய கையும் அதன் அளவும் அவற்றோடு சேர்ந்தே வந்துவிட்டன. ஏக்கர் கணக்கில் யோசித்துச் செய்யப்பட்ட பொருளை ஒரு வாளி மண்ணுக்குள் கொட்டுகிறோம். உணவு கிடைக்காமல் வாடிய தொட்டிச் செடிகளைவிட, உணவு மிகுந்து கருகியவையே அதிகம் என்பது நம் எண்ணம். இந்தப் பிழை எங்கே தொடங்கியது என்பதை வரலாறு ஓரளவு சொல்கிறது.

நம் முன்னோர் உரம் என்று தனியாக ஒன்றை விலைக்கு வாங்கியதில்லை. மாட்டுக் கொட்டகையின் சாணமும் கூளமும் எருக்குழியில் மக்கின. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டனர். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலில் பரப்பினர். கொழிஞ்சி, ஆவாரை, புங்கம், வேம்பு ஆகியவற்றின் தழையை ஒடித்து வந்து சேற்றில் மிதித்தனர். ஏரி தூர்ந்து போகாமல் காத்ததும் வயலுக்கு ஊட்டம் தந்ததும் ஒரே வேலையாக இருந்தது. இந்த நயத்தை நாம் இழந்த பிறகுதான் உணர்கிறோம். வள்ளுவர் தம் உழவு அதிகாரத்தில் உழுவதைவிட எருவிடுதல் நன்று என்று சொன்னார். நன்கு உழுது காயவிட்ட நிலம் ஒரு பிடி எருவும் கேளாது என்று, அதற்கு முந்தைய குறளிலேயே சொன்னவரும் அவரே. எருவைப் போற்றியவரே எரு வேண்டாத நிலையையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

பழைய எருவின் சிறப்பு அதன் வலிமையில் இல்லை, வலிமையின்மையில்தான் இருந்தது. நன்கு மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் எட்டாது. அதுவும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று செரித்த பின்னரே வேருக்குக் கிடைக்கும். ஆகவே ஒரு கூடை கூடிப்போனாலும் பயிர் பிழைத்துக்கொண்டது. கை தாராளமாக இருக்கலாம் என்னும் பழக்கம் இப்படித்தான் நமக்குள் ஊறியது.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் காய்க்காத அத்திமரத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். இந்த உவமையின் ஞானப்பொருளைப் பற்றி மறையுரைகள் ஏராளம். தோட்டக்கலையின் கண்ணோடு அதைப் படித்தோர் சிலரே. அந்த மனிதர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சுற்றிலும் கொத்திவிடுவார், பிறகே எருப்போடுவார், அதன் பின்னர் காத்திருப்பார். இறுகிய மண்ணில் இட்ட எரு வேரை எட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எருவை அளவைப் பொருளாக மாற்றியது 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா. 1840இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் லீபிக், செடி உண்பது மண்ணிலுள்ள தாது உப்புகளையே என்று வாதிட்டார். 1842இல் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ், பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே தம் ராதம்ஸ்டெட் பண்ணையில் அவர் தொடங்கிய வயல் ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. அதே காலத்தில் பெரு நாட்டின் சிஞ்சா தீவுகளில் மலைபோல் குவிந்து கிடந்த கடற்பறவை எச்சத்தை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அதை வெட்டியவர்களில் பலர் ஏமாற்றி அழைத்து வரப்பட்ட சீனக் கூலிகள். ஐரோப்பிய வயல்களின் பசுமைக்குப் பின்னே அந்த மனிதர்களின் துயரம் இருக்கிறது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்த கரும்புத் தோட்டங்களுக்கும் மக்களை அனுப்பிய தமிழ் நிலத்திற்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

சென்னையில் தொட்டிச் செடிக்கென்றே ஒரு வரலாறு உண்டு. தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட்டின் முயற்சியால் 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், கதீட்ரல் சாலையில் தோட்டம் அமைத்து வெளிநாட்டுச் செடிகளையும் விதைகளையும் இந்நகருக்கு அறிமுகப்படுத்தியது. துளசி மாடமும் முற்றத்து மல்லிகையும் நம்முடையவை. அழகுக்காக ஒரு செடியைத் தொட்டியில் வளர்த்து வராந்தாவில் வரிசையாக வைக்கும் வழக்கமோ பெரும்பாலும் பங்களாக்களிலிருந்து நம் தெருக்களுக்கு இறங்கி வந்தது. 1865இல் சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை ஏற்பட்டது; சில ஆண்டுகளில் வேளாண் பள்ளியும் அங்கே தோன்றியது. அந்தப் பள்ளியே 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் கடக்கக்கூடாது. இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கத்தின் ஆலோசனை வேதியியலாளரான ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889இல் இந்தியா வந்து நாடெங்கும் சுற்றினார். 1893இல் அவருடைய அறிக்கை வெளியாயிற்று. நம் உழவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற பொதுப்பேச்சை அவர் ஏற்கவில்லை. சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகில்லாமையால் என்றார். எண்ணெய் வித்துகளும் எலும்பும் கப்பலேறுவதைக் கண்டு, நாட்டின் மண்வளமே அவற்றோடு வெளியேறுவதாகக் கவலைப்பட்டார். பிண்ணாக்கு ஊரிலேயே தங்கினால் மண்ணுக்குத் திரும்பும். வித்தாகவே போய்விட்டால் திரும்புவது ஏது? ஆட்சி செய்தவர்களின் நாட்டிலிருந்து வந்த ஒருவர் இதை எழுதிவைத்தது நமக்கு வியப்பே.

இனி, தண்டவாளம் முடிந்த இடத்திற்கு வருவோம். வாலாஜாவை அடுத்த இராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தார் 1906இல் சூப்பர் பாஸ்பேட் தயாரிக்கத் தொடங்கினர். இந்தியாவின் இரசாயன உரத் தொழிலுக்குப் பிறந்த ஆண்டாக இதையே குறிப்பிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1909இல், கோயம்புத்தூரில் நிரந்தர உர ஆய்வு என்ற பெயரில் ஒரு வயல் ஒதுக்கப்பட்டது. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், மற்றொன்றுக்குத் தனித்தனி உப்புகள், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை என்று பல தலைமுறை ஆய்வாளர்கள் கைமாற்றிக் காத்துவந்த வயல் அது. ஆரவாரமில்லாத இத்தகைய பொறுமைக்கு நாம் போதிய மரியாதை செய்யவில்லை.

அதே 1909இல், ஜெர்மனியில் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் கார்ல் போஷ் அதை ஆலையளவில் நடத்தினார். மறு ஆண்டு தொடங்கிய உலகப் போரில் அதே ஆலை வெடிமருந்துக்கும் துணைபோனது. காற்றிலிருந்து சோறும் வந்தது, குண்டும் வந்தது.

நம் பக்கத்திற்கு அந்த நுட்பம் சற்றுத் தாமதமாகவே வந்தது. திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் திருவிதாங்கூர் அரசின் ஆதரவோடு ஆல்வாய்க்கு அருகே அமைத்த ஆலை 1947இல் அம்மோனியம் சல்பேட் தரத் தொடங்கியது. அதற்கு மூலப்பொருளாக எரிந்தது விறகு! சாணத்தை எரிக்காமலிருக்க விறகு வேண்டும் என்றார் வோல்க்கர். உரம் செய்யவே விறகை எரித்தது காலம். 1960களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா வந்தது. எண்ணூரில் பாரி நிறுவனத்தின் உர ஆலை எழுந்தது. மணலியில் 1966இல் பதிவான மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ், மத்திய அரசும் அமெரிக்க அமோகோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் 'விஜய்' முத்திரையிட்ட 17:17:17 மூட்டைகளைத் திருவள்ளூர் வட்டாரத்து உழவர்கள் நன்கு அறிவார்கள். 1970களில் தூத்துக்குடியின் ஸ்பிக் ஆலையும் சேர்ந்துகொண்டது. ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் வகைகள் பரவிய ஆண்டுகள் அவை. பஞ்சம் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கிய ஒரு நாட்டுக்கு அந்த மூட்டைகள் சோறு போட்டன என்பதை மறைத்துவிட்டு இரசாயன உரத்தை ஏசுவது நன்றியற்ற செயல்.

அதற்கான விலையையும் மறைக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள் இரவு அது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகளில் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நாம் தொட்டியில் கைநிறைய அள்ளிப் போட்டு, நீரோடு சாக்கடைக்குள் வழிந்தோட விடும் தூளும் இப்படிப்பட்ட குழாய்களின் வழியேதான் பிறக்கிறது.

அந்தக் கைநிறைய என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண் ஓர் அரையடி ஆழத்திற்கு ஏறக்குறைய 22 இலட்சம் கிலோ எடையுள்ளது. அந்த நிலத்திற்கு 100 கிலோ தழைச்சத்து இடுவதாகக் கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து; ஆகவே 217 கிலோ யூரியா வேண்டும். இதையே ஐந்து கிலோ மண் கொள்ளும் ஒரு தொட்டிக்குச் சுருக்கினால் வருவது அரை கிராம். ஒரு தேக்கரண்டி யூரியா சுமார் நான்கு கிராம் இருக்கும். ஒரே ஒரு தேக்கரண்டியால், வயல் ஒரு போகம் முழுவதும் பெறும் அளவைப்போல் எட்டு மடங்கை ஒரே காலையில் கொடுத்துவிடுகிறோம். உழவரோ அந்த 217 கிலோவையும் மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்தே இடுவார்.

தொட்டி முழுக்க முழுக்க வயலைப் போன்றது அன்று என்பதும் உண்மையே. அன்றாடம் ஊற்றும் நீரில் சத்து கீழ்த்துளை வழியே கரைந்து போகும். சிறிய மண்ணில் பெரிய செடி நிற்கும். ஆகவே அளவைக் குறைத்துத் தடவையைக் கூட்டுவதே தொட்டிக்குப் பொருந்தும். கடைகளில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் வளர்ந்த செடிக்குப் போதும். முதலில் வெறும் நீரை ஊற்றி மண்ணை நனைத்த பிறகே உரநீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் உப்பு வேரிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். நாம் எரிந்துவிட்டது என்று சொல்வது உண்மையில் தாகத்தால் வந்த சாவு. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவும், இலைநுனியில் பழுப்பும் தோன்றினால் உரத்தை நிறுத்தி, நல்ல நீரை மூன்று நான்கு முறை நிறைய ஊற்றி வடியவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே நீரே ஓர் உரம்போல் உப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

பையின்மேல் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் நூற்றுவீதங்கள். கீரைக்கும் குரோட்டன்ஸுக்கும் முதல் எண் முக்கியம். பூவுக்கும் காய்க்கும் மூன்றாவது எண் குறையக்கூடாது. ரோஜா இலை செழித்து மொட்டே விடவில்லை என்று வருந்துகிறவர் யூரியாவைத் தள்ளிவைத்துப் பார்க்கட்டும். இதற்குமேல் இந்த எண்களில் இரகசியம் ஒன்றுமில்லை.

நாற்றின் கதை வேறு. விதைக்குள்ளேயே அதன் கட்டுச்சோறு இருக்கிறது. முதலில் விரியும் இரண்டு வித்திலைகள் வாடும்வரை பிள்ளைக்கு அந்த உணவே போதும். அப்போது உரமிடுவது பச்சிளங்குழந்தைக்குப் பிரியாணி ஊட்டுவதற்கு ஒப்பாகும். அடுத்து இரண்டு மூன்று மெய்யிலைகள் வந்த பிறகு, மேலே சொன்ன கரைசலைப் பாதி வலுவில், லிட்டருக்கு அரை கிராமாக, வாரம் ஒருமுறை தரலாம். அவசரப்பட்டவர்களின் நாற்றுகள் நூல்போல் நீண்டு, தண்டின் அடி அழுகிச் சாய்வதைக் காணலாம். குழித்தட்டில் நிரப்பும் தென்னைநார்க்கழிவு பற்றியும் ஒரு சொல். பச்சையான நார்க்கழிவில் கரிமம் மிகுதி. தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய சத்தையும் பறித்து உண்டுவிடும். கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தார் சிப்பிக்காளான் பூஞ்சையைக் கொண்டு அதை மக்கவைத்து, கரிம-தழைச்சத்து விகிதத்தை 112இலிருந்து 24 ஆகக் குறைத்துக் காட்டினார்கள். வாங்கும்போது மக்கியதா, கழுவியதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இயற்கை உரம் என்றால் எவ்வளவும் போடலாம் என்ற நம்பிக்கை பழைய எருக்குழியின் நினைவிலிருந்து வருவது. மக்காத பிண்ணாக்கு சிறு தொட்டியில் புளித்துச் சூடேறும், வேர் தாங்காது. முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும். தேயிலைச் சக்கையைச் சர்க்கரையும் பாலும் போகக் கழுவாமல் போட்டால் எறும்பும் பூசணமும்தான் விளையும். பஞ்சகவ்யமேகூட நூற்றுக்கு மூன்று பங்காக நீர்த்தே தெளிக்கப்படுகிறது. மண்புழு உரமே இவற்றில் சாதுவானது. மண்கலவையில் நாலில் ஒரு பங்கு அதுவாக இருந்தால் நாற்றுக்கும் தீங்கில்லை.

வேம்பைப் பெயரிலேயே சுமக்கும் ஊரில் இருந்துகொண்டு வேம்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? யூரியாவோடு வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து வைத்து வயலில் இட்டால் சத்து மெதுவாகக் கரைகிறது என்பது நம் உழவர்கள் கைக்கொண்ட முறை. தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை வேம்பிலுள்ள பொருள்கள் மந்தப்படுத்துகின்றன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இதற்கிடையே வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் ஒரு முறைக்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் காலங்காலமாக அறிந்திருந்ததைப் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது என்ற வழக்கில் 2000ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தோற்றது. 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதை மத்திய அரசு கட்டாயமாக்கியது. மானிய யூரியா ஆலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கிழவிகளின் கைமருந்து இப்படி மூட்டைக்குள் ஏறிக்கொண்டது.

தொட்டிக்கு அந்த மூட்டை தேவையில்லை. வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு மேசைக்கரண்டி, ஐந்து கிலோ மண்ணுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை போதும். தண்டை ஒட்டாமல், விளிம்போரமாக மண்ணைக் கொத்திவிட்டு, அதற்குள் தூவி மூட வேண்டும். நாற்றுக்குரிய மண்ணானால் விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே கலந்து, ஈரமாக வைத்து ஆறவிட வேண்டும். விதை அதன் பிறகு.